மூன்று தராசு, ஒரே எடை

"கையெழுத்துப் போட்டுரு தம்பி. போட்டுட்டு முதல்ல வெளிய வா. மத்ததைப் பிறகு பாத்துக்கிருவோம்."

போனை வைத்த ஆன்டனி ராஜுக்குத் தன் குரலே பிடிக்கவில்லை. இழவு வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்கவைத்து அடி வாங்கிய வாய் அது. இன்று காலையிலிருந்து அந்த வாயில் எச்சில்கூட ஊறவில்லை.

மதுரையில் வனத்துறை அலுவலகத்தின் பெஞ்சு ஒன்றில் அவன் தம்பி ஜோஸ்வா நேற்றிலிருந்து உட்கார்ந்திருக்கிறான். பஹ்ரைனுக்குப் படகு வேலைக்குக் கிளம்பியவனை ஏர்போர்ட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பெட்டியில் கருவாடு என்று சொன்ன பொட்டலங்களைப் பிரித்தால், உள்ளே காய்ந்த கடல் அட்டை. பிடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, கையில் வைத்திருக்கவே கூடாது என்று சட்டம் சொல்லும் சரக்கு. அது ஒரு வக்கீல் பெட்டியில் இருந்திருந்தால் எப்படி வந்தது என்று விசாரித்திருப்பார்கள். தங்கச்சிமடத்து மீனவன் பெட்டியில் இருந்தால் விசாரிக்க என்ன இருக்கிறது?

மத்தியானத்துக்கு மேல் கோர்ட். அதற்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அபராதத்தோடு முடியும், இல்லாவிட்டால் ஜெயில் என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். அண்ணன்காரன் பயந்து போய், போட்டுவிடு என்று சொல்லிவிட்டான்.

"போட்டா அவன் காலத்துக்கும் கடத்தல்காரன்" என்றார் உமாமகேஸ்வரி. "விசாவும் போச்சு, பாஸ்போர்ட்டும் போச்சு. இதைத் தெரிஞ்சேதான் சொன்னியா?"

"தெரிஞ்சு சொல்ற நிலைமையிலயா மேடம் நான் இருக்கேன்?"

உமாமகேஸ்வரி திருவாடானைப் பக்கம் வயலும் தோப்புமாக இருந்த குடும்பத்துப் பெண். சென்னையில் ஒரு விமான கம்பெனியில், காணாமல் போன பெட்டிகளைத் தேடிக் கொடுக்கும் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்தவர். வேலையை விட்டுவிட்டு ராமநாதபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் போட்டபோது ஊரே சிரித்தது. ஆன்டனிதான் அவருக்கு உதவியாளன், டிரைவர், டீ வாங்கும் ஆள், எல்லாம். சம்பளத்துக்கு வேலை, கிண்டல் இலவசம் என்று சொல்லித்தான் அவன் சேர்ந்தான்.

இப்போது இருவரும் ஜோஸ்வாவின் வீட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். ஜோஸ்வாவின் மனைவி ஹெலன் தரையில் உட்கார்ந்து, வக்கீல் அனுப்பிய போட்டோவை மொபைலில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். திறந்து கிடந்த பெட்டி. வரிசையாகப் பொட்டலங்கள்.

"இது என் கட்டு இல்ல மேடம்" என்றாள். நேற்றிலிருந்து இதையேதான் சொல்கிறாள். "நான் வலை நூலு வச்சுக் கட்டுனேன். இங்கன டேப்பு ஒட்டியிருக்கு பாருங்க."

"பெட்டியில என்னென்ன வச்சே? ஒண்ணு விடாம சொல்லும்மா."

"நெத்திலிக் கருவாடு, சீலாக் கருவாடு. பேப்பர்ல சுத்தி, ரெண்டு கவர் போட்டு, பொட்டலம் பொட்டலமாக் கட்டி, போர்வைக்குள்ள சுருட்டி வச்சேன். வாசம் வெளிய வந்தா எடுத்து எறிஞ்சிருவான்னு சொன்னாக. மல்லிப்பொடி, மிளகாப்பொடி. மூணு கைலி. பக்கத்து வீட்டு மலிகா அக்கா அவுக மகனுக்குக் குடுத்துவிட்ட தொதல் அல்வா. தலைவலித் தைலம். பைபிள். பிறகு..." ஹெலன் நிறுத்தினாள். "அம்புட்டுதான்."

அந்த 'பிறகு'வை உமாமகேஸ்வரி கவனித்தார். கேட்கவில்லை.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் தொண்டையைச் செருமினார். டிராவல்ஸ் ஏஜென்ட் வீரபத்திரன். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. விசா வாங்கிக் கொடுத்தவர், கார் ஏற்பாடு செய்தவர், இப்போது வக்கீலும் வைத்துக் கொடுத்திருப்பவர். செய்தி வந்த நேரத்திலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறார். ஹெலனுக்குக் காபி வாங்கி வந்ததுகூட அவர்தான்.

"தங்கச்சி பதட்டத்துல இருக்கு" என்றார். "நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன் மேடம். பெட்டியை நடுவுல யாரும் தொடல. இங்க சந்தியாகு மீன் கம்பெனித் தராசுல முப்பது கிலோன்னு தம்பி சொல்லுச்சு. நம்ம ஆபீஸுக்கு வந்ததும், கயிறு கட்டுறதுக்கு முன்னாடி நானே கைத்தராசுல மாட்டிப் பாத்தேன். கரெக்டா முப்பது. ஏர்போர்ட் கவுன்டர்லயும் அதே முப்பது. எவனாவது பிரிச்சு உள்ள வச்சிருந்தா எடை மாறியிருக்காதா?"

ஆன்டனி கணக்குப் போட்டுப் பார்த்தான். அவர் சொல்வது சரிதானே? வீட்டை விட்டுப் போனபோது என்ன எடையோ, கவுன்டரிலும் அதே எடை என்றால், வீட்டிலேயே வைத்த சரக்குதான் அது. ஹெலன் வைத்திருக்க மாட்டாள். அப்படியென்றால் தம்பியா? போன புயலில் படகு உடைந்ததிலிருந்து அவன் சரியாகத் தூங்குவதில்லை. எவனாவது ஆசை காட்டியிருப்பானோ? சொந்தத் தம்பியைப் பற்றி அப்படி நினைத்ததும் ஆன்டனிக்கு ஓங்கித் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் நினைப்பு போகவில்லை.

"தம்பி உங்க ஆபீஸ்ல பெட்டி கூடவே இருந்தானா?" உமாமகேஸ்வரி கேட்டார்.

"என் கண்ணு முன்னால, அது கண்ணு முன்னாலதான் எல்லாம்." வீரபத்திரன் எழுந்தார். "நேரம் போகுது. தங்கச்சியை நான் மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுவும் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்."

"உங்க ஆபீஸ்லயே உக்கார வைங்க. நாங்களும் வந்து சேந்துக்கிறோம். ஒரே காரா போயிருவோம்."

அவர் ஒரு நொடி யோசித்தார், பிறகு தலையாட்டினார். ஹெலன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அவர் பின்னால் போனாள்.

கார் கண்ணில் மறைந்ததும் உமாமகேஸ்வரி, "மூணு தராசும் ஒரே எடை காட்டுச்சாம்" என்றார். "பெட்டித் தகராறுலயே பாதி வாழ்க்கை போச்சு எனக்கு. வீட்டுத் தராசும் கவுன்டர்த் தராசும் ஒத்துப்போய் நான் பாத்ததே இல்ல ஆன்டனி. அந்தச் சண்டையாலதான் கவுன்டர்ல பாதி வரிசை நகராது. இங்க மூணும் ஒத்துப்போகுது. அதான் இடிக்குது."

"ஒத்துப்போனாலும் தப்பா மேடம்? மூணு பேரு ஒரே மாதிரி பேசுறது எங்க ஊர்ல நடக்காத விஷயம்தான், ஒத்துக்கிறேன்."

சொல்லிவிட்டானே தவிர, அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

---

சந்தியாகுவின் மீன் கம்பெனி என்பது கடற்கரையில் ஒரு தகரக் கொட்டகை. படகில் வரும் மீனை எடை போட்டு வாங்கி, ஐஸ் கொட்டி லாரி ஏற்றும் இடம். நடுவில் எலக்ட்ரானிக் தராசு, அதன் மேல் எப்போதும் ஒரு நீலப் பிளாஸ்டிக் கூடை. சந்தியாகு பெரிய உடம்புக்காரர். ஆன்டனியைப் பார்த்ததும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். ஜோஸ்வாவுக்கு ஞானஸ்நானத்தில் கை கொடுத்த ஞானத் தகப்பன் அவர்.

"என் தராசுலதான்மா நிறுத்தான்" என்றார் உமாமகேஸ்வரியிடம். "நானே கூடையை எறக்கி வச்சுட்டுப் பெட்டியைத் தூக்கி வச்சேன். முப்பது. 'மாமா, ஒரு கிலோகூட ஏறிரக் கூடாது, அங்க பணம் கட்டச் சொல்வான்'ன்னு சொல்லிச் சொல்லி எடுத்து வச்சான். ரெண்டு கைலியை அதுக்காகவே வெளிய எடுத்துட்டான்."

"கூடை இல்லாம வேற எதையாவது நிறுப்பீங்களா?"

"மீனைக் கூடை இல்லாம நிறுத்தா வழுக்கிக்கிட்டுக் கடலுக்கே போயிரும்மா."

உமாமகேஸ்வரி கூடையைத் தானே தூக்கிக் கீழே வைத்தார். தராசின் சிவப்பு எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆன்டனி, மேல ஏறு."

"எதுக்கு மேடம்? இருக்கிற கவலை பத்தாதுன்னு என்னையும் ஏலத்துல விடப் போறீங்களா?"

"ஏறு."

ஏறினான். அறுபத்தெட்டு காட்டியது.

"பாத்துக்கங்க" என்றான் ஆன்டனி. "போன வாரம் ரத்தம் குடுக்கப் போனப்ப ஆஸ்பத்திரியில எழுபது. தம்பியைப் பிடிச்சதும் உடம்பு கரைஞ்சு போச்சு. அவனை விட்டுட்டா மறுபடி ஏறிருவேன்."

உமாமகேஸ்வரி சிரிக்கவில்லை. முகம் மட்டும் மாறிவிட்டது. ஒரு பெட்டி கிடைத்துவிட்டது என்றால் அந்த முகம் அப்படித்தான் ஆகும் என்று ஆன்டனிக்குத் தெரியும். ஆனால் இங்கே என்ன கிடைத்தது என்று அவனுக்குப் புரியவில்லை. பிறந்ததிலிருந்து இந்தத் தராசைப் பார்த்து வளர்ந்தவன், அதில் பார்க்க என்ன இருக்கிறது?

"ஐயா, எனக்கு முப்பது கிலோ கல்லுப்பு வேணும்" என்றார் அவர் சந்தியாகுவிடம். "ஒரு பையில போட்டு, ஜோஸ்வா பெட்டியை நிறுத்த மாதிரியே இதுல நிறுத்துக் குடுங்க."

"உப்பா?" சந்தியாகு விழித்தார்.

"தம்பி ஜெயிலுக்குப் போற நாள்ல உப்பு வாங்க வந்திருக்கோம் மாமா. குடுங்க. மேடம் சொன்னா காரணம் இருக்கும். இல்லாட்டி, சாயங்காலம் ரெண்டு பேருமே பைத்தியம்னு தெரிஞ்சு போகும்."

பையை அவன்தான் சுமந்துகொண்டு காருக்குப் போனான். தோள் இற்றுப்போகிற கனம். வழி முழுக்க வைதுகொண்டே நடந்தான். வைவதை நிறுத்தினால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

---

ஜோஸ்வாவை ஏர்போர்ட் கொண்டுபோன டிரைவர் தங்கப்பாண்டியின் போன் நேற்றிலிருந்து அணைத்துக் கிடந்தது. அது ஒன்றே போதும் ஆன்டனிக்கு. கடல் மேல் போகும் பாலத்தில் காற்று காரைப் பிடித்துத் தள்ள, அவன் ஆக்சிலேட்டரை விடாமல் மிதித்தான்.

உச்சிப்புளியில் கடைத்தெருவுக்குப் பின்னால் தங்கப்பாண்டியின் வீடு. தலைக்கு மேல் கடற்படை விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனது. ஆன்டனி காரை விட்டு இறங்கியவன், அப்படியே நின்றான்.

"மேடம். கருவாடு."

"இந்த ஊர்ல எந்த வீட்டுலதான் கருவாடு வறுக்கல?"

"சீலா. எங்க ஊருச் சீலா. ஹெலன் உப்பு போட்ட கருவாடு. இந்த மூக்கு பொய் சொல்லாது."

அடுப்படி ஜன்னலில் ஒரு காலிப் பாலித்தீன் கவர் காய்ந்துகொண்டிருந்தது. அதன் வாயில் இன்னும் அவிழ்க்காத நூல். பச்சை வலை நூல். கிழிந்த வலையைக் கோக்கும்போது போடுகிற முடிச்சு. ஹெலன் கை முடிச்சு.

பிறகு நடந்தது ஆன்டனிக்குச் சரியாக நினைவில்லை. தங்கப்பாண்டியின் சட்டைக் காலர் அவன் கையில் இருந்தது. "ஏலே, என் தம்பி பெட்டியைப் பிரிச்சு அட்டையை வச்சுட்டு, அவன் கருவாட்டைத் திங்கிறியாலே?" என்று அவன் கத்தினது தெருவுக்கே கேட்டது. அடிக்க ஓங்கின கையை உமாமகேஸ்வரி பிடித்துக்கொண்டார்.

"சத்தியமா நான் தொடலண்ணே" என்று அலறினான் தங்கப்பாண்டி. "எனக்குக் குடுத்தது அது. பிள்ளைக மேல சத்தியம்!"

உள்ளேயிருந்து அவன் மனைவி முருகேஸ்வரி ஓடி வந்தாள். நிலைமையைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய், சாமி படத்துக்கு முன்னாலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்து உமாமகேஸ்வரியிடம் நீட்டினாள். சின்ன வெள்ளிக் கொலுசு ஒன்று. கைக்குழந்தையின் காலுக்கு ஆகிற அளவு.

"கருவாட்டுப் பொட்டலத்துக்குள்ள கெடந்துச்சும்மா. யாரு வீட்டுப் பிள்ளையோடதோ, தேடுவாகளேன்னு எடுத்து வச்சேன். இவுககிட்ட அப்பவே சொன்னேன், இது வித்த கருவாடு இல்ல, யாரோ யாருக்கோ ஆசையாக் கட்டுனதுன்னு. பயத்துல போனை அமத்திப் போட்டுட்டுப் படுத்துட்டாக."

கொலுசைப் பார்த்ததும் ஆன்டனியின் கை தானாக இறங்கியது. ஜோஸ்வாவின் மகள் நடை பழகியபோது போட்டிருந்த கொலுசு. ஹெலன் விழுங்கிவிட்ட அந்தப் 'பிறகு'.

"யாரு குடுத்தது தங்கப்பாண்டி?" உமாமகேஸ்வரி கேட்டார்.

"வீரபத்திரண்ணன்தான்மா. ஆபீஸ்ல பெட்டிக்குக் கயிறு கட்டி முடிச்சதும் ஒரு கட்டைப்பையை நீட்டுனாரு. 'கஸ்டமர் குடுத்துட்டுப் போயிட்டான், நான் சுத்த சைவம், வச்சா ஆபீஸே நாறும், நீ கொண்டு போ'ன்னாரு. சீட்டுக்கு அடியில வச்சுக்கிட்டேன். தம்பிகூட வழியில கேட்டுச்சு. 'அண்ணே, என் பெட்டி வாசம் காரு பூராம் அடிக்குதே, பிளேன்ல ஏத்துவானா'ன்னு."

ஜோஸ்வா தன்னுடைய கருவாட்டோடு, அது பெட்டிக்குள் இல்லை என்று தெரியாமலே, மதுரை வரைக்கும் போயிருக்கிறான்.

"கயிறு கட்டுறப்ப தம்பி எங்க இருந்தான்?"

"பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துட்டு வரச் சொல்லி அனுப்பிட்டாரு. பக்கத்துக் கடையில கரண்டு இல்லன்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வந்துச்சு."

ஆன்டனி மேடத்தைப் பார்த்தான். "நம்பாதீங்க மேடம். வீரபத்திரண்ணன் மட்டும் இல்லாட்டி நேத்து ஹெலன் செத்தே போயிருக்கும். வக்கீலே அவருதான் வச்சுக் குடுத்திருக்காரு."

"ஆமா. வக்கீலும் அவரோடது. ஒப்புதல் வாக்குமூலமும் அவரோடது. கையெழுத்து மட்டும் உன் தம்பியோடது."

அப்போதுதான் ஆன்டனிக்கு உறைத்தது. காலையில் அவன் தம்பியோடு பேசியது வக்கீலின் போனில். அந்த எண்ணைப் போட்டான். அணைத்து வைத்திருந்தார்கள். மறுபடி போட்டான். மறுபடியும் அதே பெண் குரல் அதே பதிலைச் சொன்னது.

"நான் சொன்னா அவன் கேப்பான் மேடம்." ஆன்டனி போனைச் சட்டைப் பையில் திணித்தான். "சின்ன வயசுலயிருந்து நான் என்ன சொன்னாலும் கேப்பான். போட்டிருப்பான். நானே அவனை உள்ள தள்ளிட்டேன்."

"வண்டியை எடு" என்றார் உமாமகேஸ்வரி. போகிற வழியில் யாருக்கோ போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, "யூனிஃபார்ம் வேண்டாம்" என்று முடித்தார். கார் ராமநாதபுரத்தை நோக்கிப் பறந்தது.

---

வீரபத்திரனின் ஆபீஸில் ஏசி சில்லென்று ஓடியது. சுவரில் விமானப் படங்கள். ஹெலன் மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி, கையில் பாஸ்போர்ட்டோடு ஒரு பெண் டிக்கெட் விசாரிக்கக் காத்திருந்தாள்.

"வாங்க மேடம், கிளம்பிருவோமா?" என்றார் வீரபத்திரன்.

"ஒரு நிமிஷம். உங்க டிரைவர் வீட்டுல ஹெலன் கட்டின கருவாடு இருந்துச்சு. நீங்கதான் குடுத்தீங்கன்னு சொல்றான்."

வீரபத்திரன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பெருமூச்சு விட்டார். "நான் சந்தேகப்பட்டேன் மேடம். வழியில பரமக்குடியில டீக்கு நிறுத்தினானாம். அப்பத்தான் டிக்கியில கைய வச்சிருப்பான். மாட்டினதும் என் பேரைச் சொல்றான். நன்றி கெட்டவன்."

அச்சுப் பிசகாத பதில். ஆன்டனி மனசுக்குள் எடை போட்டுப் பார்த்தான். டிரைவர் வாய்ப் பேச்சு ஒரு பக்கம், ஏஜென்ட் வாய்ப் பேச்சு ஒரு பக்கம். கோர்ட் யாரை நம்பும்? விபூதியைத்தான் நம்பும்.

"இருக்கலாம்" என்றார் உமாமகேஸ்வரி. "அதை விடுங்க. எனக்கு ஒரு சின்ன உதவி. ஒரு பை கொண்டு வந்திருக்கேன். சந்தியாகு கம்பெனியில முப்பது கிலோன்னு நிறுத்துக் குடுத்தாங்க. உங்க கைத்தராசுல ஒரு தடவை மாட்டிக் காட்டுங்களேன்."

ஆன்டனி உப்புப் பையைக் கொண்டுவந்து வைத்தான். வீரபத்திரன் சிரித்துக்கொண்டே மேஜை இழுப்பறையிலிருந்து கொக்கி வைத்த கைத்தராசை எடுத்தார். ஆன்டனியே கொக்கியில் மாட்டித் தூக்கினான். எண்கள் ஓடி நின்றன.

முப்பத்திரண்டு.

"ரெண்டு கிலோ கூட இருக்கு மேடம்" என்றார் வீரபத்திரன். "உங்களுக்கு உப்பு இலவசமாப் போட்டிருக்காங்க."

"இல்ல. உங்க தராசு சரியாத்தான் காட்டுது. தப்பு அந்தத் தராசுல." உமாமகேஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மீன் நிறுக்கிற தராசு அது. எப்பவும் மேல கூடை இருக்கும். மீனுக்குத்தானே காசு, கூடைக்கு இல்லையே? அதனால கூடையோட ரெண்டு கிலோவை முன்கூட்டியே கழிச்சு வச்சிருக்காங்க. கூடையை எறக்கினா தராசு பூஜ்யத்துக்குக் கீழ ரெண்டு காட்டுது. அதைத் தினமும் பாத்துப் பாத்து அவங்க கண்ணுக்கே தெரியாமப் போச்சு. கூடை இல்லாம அதுல எதை வச்சாலும் ரெண்டு கிலோ குறைச்சுத்தான் காட்டும். பெட்டியை வச்சாலும் சரி, ஆன்டனியை வச்சாலும் சரி."

ஆன்டனி தன் தலையில் ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டான். எழுபது, அறுபத்தெட்டு. நின்றது அவன்தான். கிண்டலடித்ததும் அவன்தான்.

"ஆக, ஜோஸ்வா பெட்டி வீட்டை விட்டுக் கிளம்பினப்பவே நெசமான எடை முப்பத்திரண்டு" என்றார் உமாமகேஸ்வரி. "அது பாவம், அவனுக்கே தெரியாது. உங்க ஆபீஸுக்கு வந்து, கயிறு கட்டுறதுக்கு முன்னாடி இந்தத் தராசுல மாட்டினா முப்பத்திரண்டு காட்டியிருக்கணும். நல்ல ஏஜென்ட்டா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? 'தம்பி, ரெண்டு கிலோ கூட இருக்கு, கவுன்டர்ல நிறுத்திருவான், எடுத்துரு'ன்னு சொல்லியிருப்பீங்க. ஆனா காலையில எங்க எல்லார் முன்னாடியும் என்ன சொன்னீங்க? கரெக்டா முப்பதுன்னு. பெட்டியைத் திறக்காம அது எப்படி முப்பது ஆச்சு வீரபத்திரன்?"

வீரபத்திரன் கைத்தராசை எடுத்து மறுபடி மேஜைக்குள் வைக்கப் போனார்.

"பரமக்குடியில டிரைவர் திறந்திருந்தா, இங்கயிருந்து கிளம்புறப்ப முப்பத்திரண்டா இருந்திருக்கணும். முப்பதுன்னு சொன்னது நீங்க. எடை கூடினா கவுன்டர்ல பெட்டியைத் தரையில போட்டுப் பிரிக்கச் சொல்வாங்க, ஜோஸ்வா பாத்துருவான்னு உங்களுக்குத் தெரியும். அதனால உள்ள வச்ச அட்டைக்கு ஈடா எடுத்ததோட, ரெண்டு கிலோ கூடவே எடுத்தீங்க. பையன் சொன்ன முப்பதுக்கே கொண்டு வந்து நிறுத்தினீங்க. இல்லாத கூடைக்கும் சேத்துக் கழிச்சிருக்கீங்க."

வீரபத்திரன் எழுந்தார். "ஒரு உப்பு மூட்டையை வச்சுக்கிட்டு என்மேல கேஸ் போடப் போறீங்களா? நான் சொன்னது ஞாபகப் பிசகா இருக்கும். போங்கம்மா வெளிய."

"உப்பு மூட்டையை வச்சு இல்ல" என்றாள் டிக்கெட்டுக்குக் காத்திருந்த பெண். பாஸ்போர்ட்டுக்கு அடியிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். "வனச்சரகர் முத்தழகு. உள் அறைச் சாவியைக் குடுங்க."

சாவி மேஜைக்கு வருவதற்குள் வெளியே ஜீப் வந்து நின்றுவிட்டது. உள் அறைக் கதவு திறந்தது. பூச்சி உருண்டை நாற்றம் முகத்தில் அடித்தது, அதற்குக் கீழே கடல் நாற்றம். சாக்குகளில் காய்ந்த அட்டை. சுவரோரமாக மஞ்சள் கயிறு கட்டி வரிசையாக மூன்று பெட்டிகள், மேலே மார்க்கரில் எழுதிய பெயர்கள். இந்த வாரம் விமானம் ஏற இருக்கும் மூன்று வீட்டுப் பிள்ளைகள். ஆன்டனி அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தான்.

ஹெலன் எழுந்து வந்து வீரபத்திரன் முன்னால் நின்றாள். அடிப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"காபி வாங்கிக் குடுத்தியேய்யா" என்றாள். அவ்வளவுதான். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்மா, மதுரைக்குப் பேசுங்க!" ஆன்டனி முத்தழகின் முன்னால் கை கூப்பினான். "கையெழுத்து. அவன் கையெழுத்துப் போட்டிருப்பான். நான்தான் போடச் சொன்னேன்."

முத்தழகு மதுரை அலுவலகத்தை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள். விவரம் சொன்னாள். அந்தப் பக்கம் இருந்த அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"வாக்குமூலமா? போடலையேம்மா அவன். வக்கீல் காலையிலயிருந்து மல்லுக்கட்டுறாரு. இருங்க, அவனையே குடுக்கிறேன்."

"அண்ணே." ஜோஸ்வாவின் குரல் வறண்டு கிடந்தது. "கோவிச்சுக்கிறாதண்ணே. நீ சொன்னியேன்னு ரெண்டு வாட்டி பேனாவை எடுத்தேன். 'நானும் என் மனைவி ஹெலனும் சேர்ந்து வைத்தோம்'னு எழுதி வச்சிருக்காண்ணே அதுல. அவ பேரை எப்படிண்ணே அதுக்குக் குடுப்பேன்? ஜெயிலுக்கே போறேன்னு சொல்லிட்டேன்."

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, தம்பி தன் பேச்சைக் கேட்காததற்காக ஆன்டனி கர்த்தருக்கு நன்றி சொன்னான், சத்தமில்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு.

உமாமகேஸ்வரி கைப்பையிலிருந்து கொலுசை எடுத்து ஹெலனின் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள். பிறகு போனருகே குனிந்தாள்.

"என்னங்க. கருவாட்டுப் பொட்டலத்துக்குள்ள பாப்பா கொலுசை வச்சிருந்தேன். அங்கன போயி நீங்களாப் பிரிச்சுப் பாக்கட்டும்னு சொல்லாம இருந்தேன். திரும்பி என்கிட்டயே வந்துருச்சு."

அதைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்து மெல்ல ஆட்டினாள்.

லைன் போய்விட்டதோ என்று முத்தழகு போனை எடுக்கப் போனாள்.

"இன்னொரு தடவை ஆட்டு" என்றான் ஜோஸ்வா.